ஆர்.டி.எஸ் போஸ்ட்கிரெஸ் செட்டிங்குகளை மாற்றுவது எப்படி? பாராமீட்டர் குரூப் முதல் ரீபூட் வரை

சொந்த சர்வரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கை தானாகப் போகும் ஒரு வழி இருக்கும். கான்ஃபிக் கோப்பைத் திறப்பது, ஒரு வரியை மாற்றுவது, ரீலோட் கொடுப்பது. டேட்டாபேஸை அமேசானே நடத்தித்தரும் ஆர்.டி.எஸ் சேவையில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. சர்வருக்குள் எஸ்.எஸ்.எச்சில் நுழைய முடியாது, கோப்பையும் பார்க்க முடியாது. 'ஆல்டர் சிஸ்டம்' கட்டளை கொடுத்தால் அனுமதி இல்லை என்று பதில் வரும். நமக்குக் கிடைக்கும் மாஸ்டர் யூசர், ஆர்டிஎஸ்_சூப்பர்யூசர் என்ற ரோலை வைத்திருப்பவர் மட்டுமே. முழு சூப்பர்யூசர் உரிமை அமேசானிடம் இருக்கிறது. கோப்புக்குப் பதிலாக நம் கையில் கொடுக்கப்பட்டிருப்பது பாராமீட்டர் குரூப் என்ற செட்டிங்குகளின் தொகுப்பு.

அதனால் எல்லாரும் நேராக பாராமீட்டர் குரூப்பைத் திறந்து எண்களை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கேதான் பாதிப் பிரச்சினை ஆரம்பிக்கிறது. ஒரு செட்டிங்கை மாற்றுவதற்கு முன்னால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால் எந்த மட்டத்தில் மாற்றினால் போதும் என்பதும் தெரிந்துவிடும். பல சமயம் பாராமீட்டர் குரூப்பைத் தொடவே தேவைப்படாது. இந்த வழிகாட்டியின் வரிசையும் அப்படித்தான்: முதலில் பார்ப்பது, பிறகு மட்டத்தை முடிவு செய்வது, அப்புறம்தான் மாற்றுவது.

பாராமீட்டர் பெயர்களை இங்கே உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நடுவே அடிக்கோட்டோடு இருக்கும்.

படி 1: இப்போதைய மதிப்பைப் பாருங்கள்

டேட்டாபேஸில் நுழைந்து பிஜி_செட்டிங்ஸ் என்ற வியூவைக் கேளுங்கள். 'ஷோ' கட்டளை மதிப்பை மட்டும் காட்டும். இந்த வியூ அதன் கதையையே சொல்லும். நமக்கு வேண்டியவை ஆறு நெடுவரிசைகள்: நேம், செட்டிங், யூனிட், கான்டெக்ஸ்ட், சோர்ஸ், பெண்டிங்_ரீஸ்டார்ட்.

சோர்ஸில் 'டீஃபால்ட்' என்று இருந்தால் யாரும் அதைத் தொடவில்லை. 'கான்ஃபிகரேஷன் ஃபைல்' என்று இருந்தால் அது பாராமீட்டர் குரூப் வழியாக வந்தது. 'டேட்டாபேஸ்' அல்லது 'யூசர்' என்று இருந்தால் யாரோ எப்போதோ அந்த டேட்டாபேஸுக்கோ ரோலுக்கோ தனியாக ஒரு மதிப்பை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கடைசியாகச் சொன்ன இரண்டும்தான் ஆளைச் சுற்றவைப்பவை. பாராமீட்டர் குரூப்பில் நீங்கள் என்ன மாற்றினாலும் அந்த யூசருக்கு மட்டும் பழைய மதிப்பே ஓடிக்கொண்டிருக்கும்.

கான்டெக்ஸ்ட் நெடுவரிசையில் 'போஸ்ட்மாஸ்டர்' என்று இருந்தால் ரீஸ்டார்ட் இல்லாமல் மாறாது. 'சிக்ஹப்' என்றால் ரீலோட் போதும். 'யூசர்' என்றால் ஒரு செஷனுக்குள்ளேயே மாற்றிப் பார்க்கலாம்.

யூனிட்டை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள். ஷேர்ட்_பஃபர்ஸ் (டேட்டாவைப் படித்து வைத்துக்கொள்ளும் பொது மெமரி) 8 கேபி பக்கங்களில் எண்ணப்படுகிறது. வொர்க்_மெம் (சார்ட் போன்ற வேலைகளுக்கான மெமரி) கேபியில். லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட் மில்லிசெகண்டில். ஆட்டோவேக்யூம்_நாப்டைம் செகண்டில். ஆர்.டி.எஸ்ஸுக்கே உரிய லாக் ரிடென்ஷன் பீரியட் நிமிடத்தில். சொந்த சர்வரின் கோப்பில் '64எம்பி' என்று எழுதிவிடலாம், ஆர்.டி.எஸ் கன்சோலில் வெறும் எண்தான். 64 எம்பி வேண்டுமென்றால் 65536 என்று போட வேண்டும். மறந்துபோய் 64 என்று போட்டால் என்ன ஆகும் தெரியுமா? வொர்க்_மெம்முக்கு அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச மதிப்பே 64 கேபி. ஆகவே எந்தப் பிழையும் காட்டாமல் ஏற்றுக்கொள்ளும். அதன் பிறகு கொஞ்சம் பெரிய சார்ட் ஒவ்வொன்றும் டிஸ்க்குக்குப் போகும்.

படி 2: எந்த மட்டத்தில் மாற்ற வேண்டும்?

கீழிருந்து மேலாக இத்தனை மட்டங்கள் இருக்கின்றன: ஒரு டிரான்ஸாக்‌ஷன், ஒரு செஷன், ஒரு ரோல், ஒரு டேட்டாபேஸ், கடைசியாக முழு இன்ஸ்டன்ஸுக்குமான (ஆர்.டி.எஸ்ஸில் ஓடும் ஒரு டேட்டாபேஸ் சர்வர்) பாராமீட்டர் குரூப். கீழே இருப்பது மேலே இருப்பதை வெல்லும். சில செட்டிங்குகளை ஒரு டேபிளுக்கு மட்டும்கூட வைக்கலாம். செத்த வரிகளைத் தானாகச் சுத்தம் செய்யும் ஆட்டோவேக்யூம் அதில் முக்கியமானது, பின்னால் வருகிறேன்.

வேலை முடியும் அளவுக்கு எது சிறிய மட்டமோ அங்கே மாற்றுங்கள். ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

மாதக் கடைசியில் ஓடும் ஒரு ரிப்போர்ட் க்வெரி மெதுவாக இருக்கிறது. க்வெரி எப்படி ஓடியது என்று காட்டும் 'எக்ஸ்ப்ளெயின் அனலைஸ்' போட்டுப் பார்க்கிறோம். நடுவில் இப்படி ஒரு வரி:

சார்ட் மெத்தட்: எக்ஸ்டர்னல் மெர்ஜ், டிஸ்க்: 48216 கேபி

வொர்க்_மெம்மின் இயல்பு மதிப்பு 4 எம்பி. வரிசைப்படுத்த வேண்டிய தரவு அதில் அடங்காததால், போஸ்ட்கிரெஸ் ஏறக்குறைய 47 எம்பியை டிஸ்க்கில் எழுதி, பிறகு திரும்பப் படித்துச் சேர்த்திருக்கிறது. சரி, அதே செஷனில் 'செட் வொர்க்_மெம்' கொடுத்து 64 எம்பி ஆக்கிப் பார்க்கிறோம். இன்னும் டிஸ்க்குக்கே போகிறது. காரணம், டிஸ்க்கில் நெருக்கி எழுதப்படும் அதே தரவு மெமரியில் கூடுதல் இடம் எடுத்துக்கொள்ளும். 128 எம்பி கொடுத்தால் அந்த வரி 'குவிக்சார்ட், மெமரி' என்று மாறுகிறது. இதுவரை உற்பத்தி சர்வரில் வேறு யாருக்கும் எதுவும் மாறவில்லை.

இப்போது இந்த 128 எம்பியை பாராமீட்டர் குரூப்பில் போடலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். வொர்க்_மெம் என்பது ஒரு கனெக்‌ஷனுக்கான உச்சவரம்பு அல்ல. ஒரு க்வெரிக்குள் இருக்கும் ஒவ்வொரு சார்ட்டும் ஒவ்வொரு ஹாஷும் தனித்தனியாக அந்த அளவு எடுக்கலாம். பதிப்பு 15 முதல் ஹாஷ் வேலைகளுக்கு அதைப்போல இரண்டு மடங்கு வரை இயல்பாகவே அனுமதி உண்டு. 200 கனெக்‌ஷன்கள், ஆளுக்கு ஒரே ஒரு சார்ட் என்று வைத்தாலும் 25 ஜிபி ஆகிறது. உங்கள் இன்ஸ்டன்ஸ் 16 ஜிபி என்றால், ஒரு பரபரப்பான மதிய நேரத்தில் மெமரி தீர்ந்து டேட்டாபேஸே ரீஸ்டார்ட் ஆகும்.

ரிப்போர்ட் ஓட்டும் ரோலுக்கு மட்டும் 'ஆல்டர் ரோல் ... செட் வொர்க்_மெம்' என்று வைத்துவிட்டால் போதும். ஒரே ஒரு க்வெரிக்குத்தான் தேவை என்றால் டிரான்ஸாக்‌ஷனுக்குள் 'செட் லோக்கல்' இன்னும் நல்லது. கமிட் ஆனதும் மதிப்பு தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும். கனெக்‌ஷன்களைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரை டிரான்ஸாக்‌ஷன் முறையில் வைத்திருப்பவர்கள் வெறும் 'செட்' பயன்படுத்தவே கூடாது. நீங்கள் வைத்த மதிப்பு அந்த சர்வர் கனெக்‌ஷனிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்து வருபவரின் க்வெரிக்குப் போய்விடும்.

படி 3: உங்களுக்கென்று ஒரு பாராமீட்டர் குரூப்

முழு இன்ஸ்டன்ஸுக்கும் மாற்ற வேண்டிய செட்டிங் என்று உறுதியானால் இங்கே வாருங்கள். புதிய இன்ஸ்டன்ஸோடு தானாக ஒட்டிவரும் டீஃபால்ட் குரூப்பை மாற்ற முடியாது. அதில் பார்க்க மட்டுமே முடியும்.

ஆர்.டி.எஸ் கன்சோலின் இடப்பக்கத்தில் 'பாராமீட்டர் குரூப்ஸ்' என்று இருக்கும். அதில் 'கிரியேட்' அழுத்தினால் ஃபேமிலி கேட்கும். உங்கள் முதன்மைப் பதிப்பு 16 என்றால் போஸ்ட்கிரெஸ்16. பெயரில் சேவையையும் பதிப்பையும் சேர்த்து வையுங்கள், 'பில்லிங்-பிஜி16' என்பதுபோல. பெயரைப் பிறகு மாற்ற வழியில்லை. குரூப்பை உருவாக்கியவுடன் அதை வைத்துப் புதிய இன்ஸ்டன்ஸ் தொடங்க அவசரப்பட வேண்டாம். ஐந்து நிமிடமாவது பொறுத்திருக்கச் சொல்கிறது அமேசானின் ஆவணம்.

அடுத்து இன்ஸ்டன்ஸைத் திறந்து 'மாடிஃபை' அழுத்தி, கூடுதல் அமைப்புகள் பகுதியில் புதிய குரூப்பைத் தேர்ந்தெடுங்கள். 'அப்ளை இமீடியட்லி' கொடுத்தாலும் குரூப் முழுமையாக நடைமுறைக்கு வர இன்ஸ்டன்ஸை ஒருமுறை ரீபூட் செய்தாக வேண்டும். அதுவரை குரூப்பின் பக்கத்தில் 'பெண்டிங் ரீபூட்' என்றே இருக்கும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே, புதிய இன்ஸ்டன்ஸ் உருவாக்கும்போதே ஒரு தனிக் குரூப்பை ஒட்டிவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். அதில் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆறு மாதம் கழித்து, ரீஸ்டார்ட் கேட்காத ஒரு சிறிய செட்டிங்கை மாற்ற வேண்டிவரும்போது, டீஃபால்ட் குரூப்பில் இருப்பவர் வாடிக்கையாளர்களைத் துண்டித்து ரீபூட் செய்ய வேண்டும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எல்லா இன்ஸ்டன்ஸுக்கும் ஒரே குரூப் வைப்பதும் வேண்டாம். சோதனை சர்வரில் மாற்றிப் பார்க்கிறேன் என்று நினைத்துச் செய்த மாற்றம் உற்பத்திக்கும் போய்விடும். படிக்க மட்டும் பயன்படும் நகலான ரீட் ரெப்ளிகாவுக்கும் தனிக் குரூப் வையுங்கள்.

படி 4: எண்ணைப் போடும் முன் ஃபார்முலாவைப் பாருங்கள்

குரூப்பைத் திறந்தால் சில மதிப்புகள் எண்ணாக இல்லாமல் கணக்காக இருக்கும். மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் எதிரே, இன்ஸ்டன்ஸ் மெமரியை 9531392 ஆல் வகுத்து வருவது, 5000 ஆகிய இரண்டில் எது சிறியதோ அது என்று எழுதியிருக்கும். இங்கே மெமரி பைட்டில் கணக்கு. 4 ஜிபி இன்ஸ்டன்ஸுக்குக் கணக்குப்படி 450 வரும். ஆனால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஆர்.டி.எஸ்ஸின் சொந்த வேலைகளுக்கும் கொஞ்சம் மெமரி ஒதுக்கப்படுவதால் நேரில் பார்க்கும் எண் அதைவிடக் குறைவாக இருக்கும். ஷேர்ட்_பஃபர்ஸ் எதிரே மெமரியை 32768 ஆல் வகுக்கச் சொல்லியிருக்கும். யூனிட் 8 கேபி என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அது மெமரியில் சரியாக 25 சதவீதம்.

இந்த ஃபார்முலாவை அழித்துவிட்டு நிலையான எண்ணைப் போடுவதற்கு முன் நான் இப்போதெல்லாம் இரண்டு முறை யோசிக்கிறேன். முன்பு ஒரு சோதனைச் சூழலில் 32 ஜிபி இன்ஸ்டன்ஸுக்கு ஷேர்ட்_பஃபர்ஸை 1048576 என்று எழுதி வைத்திருந்தேன். அதாவது 8 ஜிபி. ஃபார்முலாவே ஏறக்குறைய அதைத்தான் தந்துகொண்டிருந்தது. எண்ணாக இருந்தால் தெளிவாக இருக்குமே என்று மாற்றியது நான்தான். சில மாதம் கழித்து, செலவைக் குறைக்க அதே இன்ஸ்டன்ஸை 8 ஜிபிக்கு இறக்கினோம். மொத்த மெமரியும் 8, பஃபர் கேட்பதும் 8. டேட்டாபேஸ் எழவில்லை. நிலை 'இன்கம்பேட்டிபிள் பாராமீட்டர்ஸ்' என்று மாறியது. அந்த நிலையில் கனெக்ட் ஆகி உள்ளே பார்க்க வழியே கிடையாது. அன்று காலை சோதனைக் குழு முழுவதும் காத்திருந்தது.

மீட்கும் வழி இதுதான், நினைவில் வையுங்கள்: பாராமீட்டர் குரூப்புக்குப் போய், தவறான அந்த ஒரு பாராமீட்டரை மட்டும் இயல்பு மதிப்புக்கு ரீசெட் செய்யுங்கள், பிறகு இன்ஸ்டன்ஸை ரீபூட் செய்யுங்கள். முழுக் குரூப்பையும் ரீசெட் செய்யும் வசதியும் பக்கத்திலேயே இருக்கும். பதற்றத்தில் அதை அழுத்தினால் உங்கள் மற்ற மாற்றங்களும் போய்விடும்.

25 சதவீதம் போதாது, 35 வேண்டும் என்றாலும் ஃபார்முலாவாகவே எழுதலாம். இன்ஸ்டன்ஸ் அளவு மாறினால் மதிப்பும் கூடவே மாறும்.

படி 5: எப்போது நடைமுறைக்கு வரும்?

ஒவ்வொரு பாராமீட்டருக்கும் 'டைனமிக்' அல்லது 'ஸ்டேட்டிக்' என்று குறித்திருக்கும். டைனமிக் என்றால் சேமித்ததும் சிறிது நேரத்தில் வந்துவிடும். ஸ்டேட்டிக் என்றால் ரீபூட் வேண்டும். ஷேர்ட்_பஃபர்ஸ், மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ், ஷேர்ட்_ப்ரீலோட்_லைப்ரரீஸ், ஆட்டோவேக்யூம்_மேக்ஸ்_வொர்க்கர்ஸ் (பதிப்பு 17 வரை), லாஜிக்கல் ரெப்ளிகேஷன் எல்லாம் ஸ்டேட்டிக்.

பலர் நம்பும் ஒரு தவறான விஷயம்: வாராந்திர மெயின்டனன்ஸ் விண்டோவில் அது தானாக ரீபூட் ஆகிவிடும் என்பது. ஆகாது. 'பெண்டிங் ரீபூட்' என்று இருப்பது நீங்களாக ரீபூட் செய்யும் வரை அப்படியே காத்திருக்கும். ஆபத்து இதில்தான் இருக்கிறது. போன வருடம் யாரோ மாற்றி மறந்த ஒரு ஸ்டேட்டிக் செட்டிங், இன்று வேறு எதற்கோ நடக்கும் ரீபூட்டில் சேர்ந்து உயிர்பெறும். அதனால் எந்த ரீபூட்டுக்கு முன்னும் பிஜி_செட்டிங்ஸில் பெண்டிங்_ரீஸ்டார்ட் உண்மை என்று காட்டும் வரிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேறொரு மையத்தில் மாற்று சர்வரைத் தயாராக வைத்திருக்கும் மல்டி ஏ-இசட் இருந்தாலும் ரீபூட்டின்போது கனெக்‌ஷன்கள் அறுபடும். அப்ளிகேஷன் மீண்டும் தானாக இணைகிறதா என்று முதலில் சோதனைச் சூழலில் பாருங்கள். எழுந்த பிறகு பஃபர் காலியாக இருப்பதால் முதல் சில நிமிடங்கள் க்வெரிகள் மெதுவாக ஓடும். அதைப் பார்த்துப் பயந்து புதிய செட்டிங்கைத் திருப்பிவிடாதீர்கள்.

இந்த அமைப்புகளைக் கோடாக டெராஃபார்ம் கருவியில் எழுதுபவர்களுக்கு ஒன்று: ஸ்டேட்டிக் பாராமீட்டருக்கு அப்ளை மெத்தடை 'பெண்டிங்-ரீபூட்' என்று வெளிப்படையாக எழுத வேண்டும். இயல்பான 'இமீடியட்' இருந்தால் பிழை வரும். ஒரே வேண்டுகோளில் 20 பாராமீட்டருக்கு மேல் மாற்றவும் முடியாது. ஆனால் அந்த வரம்பைத் தொடும் நிலையே உங்களுக்கு வரக்கூடாது. ஒரு தடவைக்கு ஒரு செட்டிங், ஒரு நாளாவது கவனிப்பு.

படி 6: வந்துவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள்

மறுபடியும் பிஜி_செட்டிங்ஸ். கன்சோலில் தெரிவது நீங்கள் கேட்டது. இங்கே தெரிவதுதான் ஓடுவது. அதுவும் அப்ளிகேஷன் எந்த யூசரில் இணைகிறதோ அதே யூசரில் நுழைந்து பாருங்கள். ரோலுக்கு வைத்த மதிப்பு புதிய செஷன்களுக்கு மட்டுமே பொருந்தும். கனெக்‌ஷன் பூல் மணிக்கணக்காகப் பழைய செஷன்களையே பிடித்து வைத்திருக்கும், அதனால் பூலைப் புதுப்பித்த பிறகே மாற்றம் தெரியும்.

அடிக்கடி தொடப்படும் சில செட்டிங்குகள்

மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ். 'டூ மெனி கிளையன்ட்ஸ்' பிழை வந்ததும் எல்லாரும் முதலில் ஓடுவது இங்கேதான். பெரும்பாலும் அது தவறான இடம். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் தனி ப்ராசஸ். சும்மா இருந்தாலும் மெமரி எடுக்கும். முதலில் அப்ளிகேஷன் பக்கம் எண்ணுங்கள். 20 பாட்கள் (அப்ளிகேஷனின் தனித்தனிப் பிரதிகள்), ஒவ்வொன்றிலும் பூல் அளவு 30 என்றால் 600 கனெக்‌ஷன்கள். அவற்றில் எத்தனை உண்மையில் வேலை செய்கின்றன என்பதை பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் ஸ்டேட் வாரியாக எண்ணிப் பாருங்கள். பெரும்பகுதி 'ஐடில்' என்று இருந்தால் பூலைக் குறைப்பதும், பிஜிபவுன்சர் அல்லது ஆர்.டி.எஸ் ப்ராக்ஸி வைப்பதும்தான் மருந்து. அதன் பிறகும் உயர்த்தத்தான் வேண்டும் என்றால், ரீட் ரெப்ளிகா இருப்பவர்கள் முதலில் ரெப்ளிகாவில் உயர்த்தி, பிறகு ப்ரைமரியில் உயர்த்துங்கள். குறைக்கும்போது தலைகீழ். ரெப்ளிகாவின் மதிப்பு ப்ரைமரியைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

ஐடில்_இன்_டிரான்ஸாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட். டிரான்ஸாக்‌ஷனைத் திறந்துவிட்டு கமிட் செய்யாமல் கிடக்கும் செஷனை இது துண்டிக்கும். ஆர்.டி.எஸ்ஸின் இயல்பு மதிப்பு 86400000 மில்லிசெகண்ட், ஒரு முழு நாள். லாக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு செஷன் ஒரு நாள் கிடந்தால் வேக்யூமாலும் செத்த வரிகளை நீக்க முடியாமல் போகும். இணைய அப்ளிகேஷனுக்கு ஐந்து நிமிடமே தாராளம். 300000 என்று போடுங்கள். நீளமான பேட்ச் வேலைகளின் ரோலுக்கு மட்டும் தனி மதிப்பு வைக்கலாம்.

லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட். 1000 என்று போட்டால் ஒரு செகண்ட் அல்லது அதற்கு மேல் எடுத்த க்வெரிகள் பதிவாகும். செகண்ட் என்று நினைத்து 1 போட்டால் கிட்டத்தட்ட எல்லா க்வெரியும் பதிவாகும். லாக் கோப்புகள் டேட்டா இருக்கும் அதே ஸ்டோரேஜைத்தான் பயன்படுத்துகின்றன. இயல்பாக 4320 நிமிடம், அதாவது மூன்று நாள் வைத்திருக்கப்படும். லாக்_ஸ்டேட்மென்ட்டை 'ஆல்' என்று வைப்பதையும் தவிருங்கள். இடம் தீர்வது ஒருபுறம், கடவுச்சொல்லோடு எழுதப்பட்ட கட்டளைகளும் லாகில் பதிந்துவிடலாம்.

ஆட்டோவேக்யூம்_வேக்யூம்_ஸ்கேல்_ஃபேக்டர். போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்பு 0.2, ஆர்.டி.எஸ்ஸில் 0.1. ஐந்து கோடி வரிகள் உள்ள டேபிளில் 50 லட்சம் வரிகள் செத்த பிறகுதான் வேக்யூம் கிளம்பும் என்று பொருள். இதை இன்ஸ்டன்ஸ் முழுவதற்கும் குறைத்தால் சின்ன டேபிள்களும் தேவையில்லாமல் அடிக்கடி சுத்தமாகும். 'ஆல்டர் டேபிள்' மூலம் அந்தப் பெரிய டேபிளுக்கு மட்டும் 0.01 வைத்தால் 5 லட்சத்திலேயே வேலை தொடங்கிவிடும்.

ரேண்டம்_பேஜ்_காஸ்ட் (ஸ்டோரேஜில் ஆங்காங்கே தாவிப் படிப்பதற்கு போஸ்ட்கிரெஸ் கணக்கிடும் செலவு) சுழலும் டிஸ்க் காலத்து மதிப்பான 4-இல் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.எஸ்.டி ஸ்டோரேஜுக்கு 1.1 பக்கம் கொண்டுவருவது வழக்கம். செஷனில் வைத்துச் சில முக்கிய க்வெரிகளின் ப்ளான் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு மேலே கொண்டுபோங்கள். ஆர்டிஎஸ்.ஃபோர்ஸ்_எஸ்எஸ்எல் பதிப்பு 15 முதல் இயல்பாகவே 1. பழைய பதிப்பிலிருந்து வருபவர்களின் அப்ளிகேஷன் எஸ்.எஸ்.எல் இல்லாமல் இணைந்து பழகியிருந்தால் மறுக்கப்படும். அதை 0 ஆக்கித் தப்பிக்காமல் அப்ளிகேஷனைத் திருத்துங்கள்.

வேறு கிளவுடில் இருப்பவர்களுக்கு

கூகுள் கிளவுட் எஸ்.க்யூ.எல்லில் இவற்றுக்கு 'டேட்டாபேஸ் ஃப்ளாக்ஸ்' என்று பெயர். அங்கே சில ஃப்ளாக்குகளைச் சேமித்தாலே இன்ஸ்டன்ஸ் ரீஸ்டார்ட் ஆகிவிடும். சேமிக்கும் முன் அந்த எச்சரிக்கையைப் படியுங்கள். அஷூர் ஃப்ளெக்ஸிபிள் சர்வரில் 'சர்வர் பாராமீட்டர்ஸ்'. ஸ்டேட்டிக், டைனமிக் பிரிவு அங்கேயும் உண்டு, பிஜிபவுன்சரும் உள்ளேயே கிடைக்கும். பிஜி_செட்டிங்ஸ் மூன்று இடத்திலும் ஒன்றுதான், எனவே 1, 2, 6 ஆகிய படிகள் அப்படியே பொருந்தும்.

பதிப்பு உயர்த்தும்போது

16-இலிருந்து 17-க்குப் போகும்போது ஃபேமிலி மாறுகிறது. பழைய குரூப் புதிய பதிப்போடு ஒட்டாது. அந்தத் திரையில் டீஃபால்ட் குரூப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால், இத்தனை நாள் பார்த்துப் பார்த்து வைத்த எந்த மதிப்பும் கூட வராது. எனவே உயர்த்துவதற்கு ஒரு வாரம் முன்பே போஸ்ட்கிரெஸ்17 ஃபேமிலியில் ஒரு குரூப் உருவாக்குங்கள். பழைய குரூப்பில் இயல்பிலிருந்து மாறியவற்றை மட்டும் வடிகட்டிப் பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றும் ஏன் வைக்கப்பட்டது என்று கேட்டு, இன்னும் தேவைப்படுவதை மட்டும் எழுதுங்கள். ரோலுக்கும் டேபிளுக்கும் வைத்த மதிப்புகள் டேட்டாபேஸுக்குள்ளேயே இருப்பதால் அவை தாமாகவே கூட வந்துவிடும்.